முப்பத்திரண்டைக் கூட்டாத கணக்கு

ராயபுரத்தில் எங்கள் வீட்டில் ஜுரத்துக்கு மரியாதை நூறைத் தாண்டினால்தான். தொண்ணூற்றொன்பது என்றால் பள்ளிக்கூடம் கிளம்பணும். நூற்றொன்று என்றால் பாயும் பன்னும் டீயும் கிடைக்கும். கப்பலில் சமையல் வேலை பார்த்த மாமா ஒரு தடவை ஊருக்கு வந்தபோது, பேட்டரி போட்ட தெர்மாமீட்டர் ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அது செல்சியஸில் காட்டும் என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை மூன்று வயசுத் தம்பி படுத்த பாயை விட்டு எழவில்லை. அம்மா அவன் அக்குளில் அதைச் செருகிவிட்டு எடுத்துப் பார்த்தாள். நாற்பது என்று காட்டியது.

"இன்னாடி இது, நாப்பதுன்றது? தொண்ணூத்தெட்டு இருக்கணுமே. புள்ளைக்கு வுடம்பு ஆறிப் போய்கினு கீதா?"

அவள் கை அவன் நெற்றியில்தான் இருந்தது. கைக்குச் சுட்டது, ஆனால் கண்ணில் பட்ட எண் வேறு சொன்னது. எதை நம்புவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள். நான் அப்போது ஏழாவது. செல்சியஸை ஃபாரன்ஹீட்டாக மாற்றுவதை அந்த வாரம்தான் டீச்சர் நடத்தியிருந்தார். "இது வேற அளவும்மா, மாத்தணும்" என்று காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டேன். ஒன்பதால் பெருக்கி, ஐந்தால் வகுத்தால் எழுபத்திரண்டு. கடைசியில் முப்பத்திரண்டைக் கூட்ட வேண்டும் என்பது எங்கே போய் ஒளிந்ததோ தெரியவில்லை. எழுபத்திரண்டு மனுஷ உடம்புக்கு ஆகுமா என்றுகூட யோசிக்கவில்லை, அவ்வளவு திமிர். நூறைத் தாண்டவில்லை, ஜுரமே கிடையாது, வெறும் குளிர்தான் என்று தீர்ப்புச் சொன்னேன்.

டாக்டரிடம் போகப் புடவை மாற்றியிருந்த அம்மா, அப்படியே உட்கார்ந்து தம்பிக்கு இரண்டு போர்வை போர்த்திவிட்டாள். அவள் ஐந்தாவதோடு நின்றவள். எழுத்தோ எண்ணோ, நான் சொன்னால் அவளுக்கு வேதவாக்கு.

மத்தியானம் தம்பிக்குக் கண் மேலே செருகிக்கொண்டு, கைகால் வெட்டி இழுக்க ஆரம்பித்தது. ஆட்டோ ஓட்டுகிற பக்கத்து வீட்டு பாய் வண்டியை எடுத்தார். பாதி வழியில் எனக்கு அந்த முப்பத்திரண்டு ஞாபகம் வந்தது. எழுபத்திரண்டோடு கூட்டினால் நூற்றி நாலு. வாயைத் திறக்கவில்லை.

கொதிக்கிற குழந்தையை யாராவது போர்த்தி வைப்பார்களா என்று டாக்டர் கேட்டார். "எனக்குத் தெர்லீங்க, குளிர்னு நெனச்சிட்டேன்" என்றாள் அம்மா. ஹார்பரிலிருந்து வேலை உடுப்போடு ஓடிவந்த அப்பா, ஆஸ்பத்திரி வராந்தா என்றும் பார்க்காமல் கத்தினார். "ஒரு ஜொரம் பாக்கத் தெர்ல, நீயெல்லாம் இன்னாத்துக்கு புள்ள பெத்த?" அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

சாயங்காலம் தம்பி கண் விழித்துத் தண்ணீர் கேட்டான். எனக்கு உயிரே வந்தது. அம்மாவின் காதருகே போய், தப்பு நான்தான் செய்தேன் என்று அழுதுகொண்டே ஆரம்பித்தேன். "வாய மூடு, அப்பா காதுல வுழப்போவுது" என்று என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அப்புறம் அந்தப் பேச்சே இல்லை. தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன்.

இரண்டு மாதம் கழித்துத் தம்பிக்கு மறுபடி உடம்பு சுட்டது. அப்பா வீட்டில்தான் இருந்தார். அம்மா தம்பியின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்தாள். ஆட்டோ வேண்டும் என்று பக்கத்து வீட்டு பாயிடம் சொல்லி அனுப்பினாள். அதற்கப்புறம் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்து, அப்பாவுக்கு எதிரிலேயே என் கையில் கொடுத்தாள்.

"நீயே பாத்துச் சொல்லு. எனக்குக் கணக்கு வராது."

இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், இரண்டு தடவையும் முப்பத்திரண்டைக் கூட்டினேன். நூற்றொன்று என்றேன். "கரீட்டா போட்டுகினியா? சரி, வா போலாம்" என்று தம்பியைத் தூக்கிக்கொண்டாள்.

பாவம், இந்தச் சின்னக் கணக்குகூட அம்மாவுக்கு வரவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் இளக்காரமாகத்தான் இருந்தது.