கோயில் வயரில் ஏழு ஸ்பீக்கர்

கொட்டகலை பஜாரில் ரேடியோ, டிவி பழுது பார்ப்பது என் தொழில். என் மனைவி இறந்த மூன்றாம் மாதம், அவள் பிறந்த தேயிலைத் தோட்டத்திலிருந்து மாரியம்மன் கோயில் அம்பிளிபயரைக் கொண்டு வந்தார்கள். போட்டுப் பத்து நிமிடத்தில் பியூஸ் போகிறதாம். என் மேசையில் பகல் முழுக்கப் பாட விட்டேன். சாதுவாகப் பாடியது. கொடுத்தனுப்பினேன். மறுநாளே திரும்பி வந்தது. டிரான்சிஸ்டர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அளந்தேன், எல்லாம் சரி. நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். வேறு காலமாக இருந்தால் எரிந்து விழுந்திருப்பேன். அப்போது எனக்கு எரிச்சல்கூட ஒழுங்காக வரவில்லை.

மூன்றாம் முறை நானே போனேன். சாவு விழுந்த வீட்டுக்காரன் ஒரு வருடம் கோயிலுக்குள் போகக்கூடாது. அதனால் அம்பிளிபயரை வெளியே ஒரு பெஞ்சில் வைத்துக் கொடுத்தார்கள்.

"நாளைக்குத் தேருங்க அண்ணே," என்றார் கோயில் தலைவர். "இன்னைக்கும் சரி வரலன்னா ஹட்டன்ல இருந்துதான் செட் எடுக்கணும்."

ஸ்பீக்கர் வயரைக் கழற்றினேன். பியூஸ் போகாமல் நின்றது. மாட்டினேன். போய்விட்டது. அப்படியென்றால் கோளாறு பெட்டியில் இல்லை. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்துக் கோடியில் உள்ள ஹோர்ன் ஸ்பீக்கர் வரைக்கும் போகும் வயரைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். வழியில் ஆறு வீட்டுக்காரர்கள் அதில் வயரை முறுக்கி, வீட்டு ஸ்பீக்கர்களுக்கு இழுத்திருந்தார்கள். அத்தனை பாரத்தையும் பியூஸ் எப்படித் தாங்கும்?

"யாரு சொல்லிக் குடுத்த வேல இது?" என்று ஒரு வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

"நீங்கதானே அண்ணே மொதல்ல மாட்டுனீங்க, ஒங்க கொழுந்தியா வீட்ல. அதப் பாத்துதான்."

உண்மைதான். கடைசி நாட்களில் என் மனைவி அங்கேதான் படுத்துக் கிடந்தாள். மழை பெய்தால் தகரக் கூரைச் சத்தத்தில் ஹோர்ன் உள்ளே கேட்காது. பூசைப் பாட்டுக் கேட்கட்டும் என்று தலைமாட்டில் ஒரு சின்ன ஸ்பீக்கர் மாட்டினேன். பாரம் ஏறாதபடி அதற்கு ஒரு டிரான்ஸ்போமரும் போட்டேன். பார்த்தவர்கள் வயரை மட்டும்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஆறையும் வெட்டினேன். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பின்னாலேயே வந்து, ஏழாவது வீட்டு வாசலில் நின்றார்கள். இதில் டிரான்ஸ்போமர் இருக்கிறது, இதனால் கோளாறு வராது என்று சொல்லியிருக்கலாம். தன் வீட்டுக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்பார்கள்.

கொழுந்தியா அடுப்படியிலிருந்து வந்தாள். "இதையுமா மச்சான்? இந்த வருசம் நாங்களும் கோயிலுக்குப் போக முடியாது. இதுலயாவது கேக்கலாம்னு இருந்தேன்."

"எல்லாருக்கும் வெட்டிட்டேன்," என்றேன்.

"அக்கா படுத்திருந்தப்ப வெட்டச் சொல்லியிருந்தா வெட்டியிருப்பீங்களா?"

"மாட்டேன்."

சொல்லிக்கொண்டே வெட்டினேன். அவள் அழுதாள். நான் நுனிக்கு டேப் சுற்றினேன். மனைவிக்கென்று கடைசியாக நான் செய்த காரியம் அந்த ஸ்பீக்கரை மாட்டியது ஒன்றுதான். அது தெரிந்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.