அப்போண்டிக்குக் கொண்டுவந்த காய்

முன்னறையில் ஏதோ கனமான பொருளைத் தொப்பென்று தரையில் வைத்த சத்தம் கேட்டது. அடுக்களையில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அக்கேயோ கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். தங்கை புருஷன் ஒபுயா நாற்காலியில் உட்கார்ந்து கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவன் காலடியில் முழங்கை நீளத்துக்கு ஒரு யாகோ காய் கிடந்தது.

ஏரி விழுங்கியவனுக்கும் போருக்குப் போய்த் திரும்பாதவனுக்கும், உடல் கிடைக்காதபோது பிணத்துக்குப் பதிலாகப் புதைக்கிற காய் அது. அக்கேயோ காயருகே வந்து நின்றாள்.

"யாருக்கு மாப்ளே இது?"

"வேற யாருக்கு மதினி, அப்போண்டிக்குத்தான். பொறந்த வீட்டு ஆள் வந்து அழணும்ங்கிறாங்க பெரியவங்க. அவ துணி ஒண்ணு குடுங்க, சுத்திப் புதைச்சிரலாம்."

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால், இருபது வயதுத் தங்கை அப்போண்டி சந்தைக்கு உப்பு வாங்கப் போனவள் திரும்பவில்லை என்று நான்காம் நாள் வந்து சொன்னவன் இவன். லாரிக்காரனோடு மொம்பாசாவுக்கு ஓடிவிட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னவனும் இவனே. அன்றிலிருந்து மீன் விற்ற கையோடு வெள்ளிக்கிழமைதோறும் அக்கேயோ காவல் நிலையப் படியேறினாள். எழுத்தர்கள் மாறினார்கள், சிலர் அவளைக் கண்டதும் மூக்கைப் பொத்தினார்கள். மூன்று முறை மொம்பாசாவுக்கே போய், லாரிகள் நிற்குமிடமெல்லாம் தங்கையின் போட்டோவைக் காட்டி அலைந்தாள். சாலையில் அதே நடையோடு யாராவது போனால் போதும், ஓடிப்போய் முகத்தைப் பார்த்துவிட்டு மன்னிப்புக் கேட்பாள். தங்கை எங்கே என்ற ஒரே கேள்வியில் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

"ஓடிப்போனான்னு நீதானே சொன்னே? ஓடிப்போனவளுக்கு எவன்யா காய் புதைப்பான்? செத்துட்டான்னு உனக்கு யார் சொன்னா?"

"கனவுல வர்றா மதினி. பசிக்குதுங்கிறா."

"முப்பத்தோரு வருஷமா பசிக்காதவளுக்கு இப்பத்தான் பசிச்சுதாக்கும்."

"உங்க வாயும் மீன் முள்ளும் ஒண்ணு." ஒபுயா சிரித்தான். அந்தச் சிரிப்பு கண்வரை ஏறவில்லை. "எனக்கு மார்வலி. அவளைச் சாந்தி பண்ணாம நான் போகக்கூடாதில்ல."

அக்கேயோ உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவன் எதிரே உட்கார்ந்தாள்.

"சரி, துணி தர்றேன். அழவும் வர்றேன். குழி எங்கே?"

"வேலியோரமா."

"வேலியோரமா? பொண்டாட்டிய வீட்டுக்கு இடப்பக்கம்தானே புதைக்கணும். அவ என்ன செத்த நாயா?"

"இடப்பக்கம் களஞ்சியம் இருக்கே மதினி."

அந்தக் களஞ்சியம் அவளுக்குத் தெரியும். தங்கையைத் தேடி அவன் வீட்டுக்கு ஓடிய நாளில் அது புத்தம்புதிதாக நின்றது. மழை பொய்த்த வருஷம் அது. கொட்டி வைக்க ஒரு கூடைச் சோளம்கூட யாரிடமும் இல்லை. துக்கத்தில் கையைச் சும்மா வைத்திருக்க முடியவில்லை என்று அவன் விம்மினான். அதன் சுவரில் சாய்ந்துதான் அவளும் அழுதாள். எதன்மேல் நின்று அழுதோம் என்று இப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"பழசுதானே, பிரிச்சிரலாம்," என்றாள்.

துண்டைப் பிடித்த அவன் கை அப்படியே நின்றது. "உள்ளே விதைச் சோளம் இருக்கு."

"அள்ளி வச்சிரலாம். பொழுது இருக்கு, இப்பவே வர்றேன். போற வழியில பெரியவங்களையும் கூப்பிட்டுக்கலாம்."

"இன்னைக்கு வேணாம். நாளைக்கு வாங்க."

"நாளைக்குள்ள அங்க யாரு தோண்டப் போறா மாப்ளே?"

ஒபுயா எழுந்தான். "என்னைய என்னன்னு நினைக்கிறீங்க மதினி?"

"இன்னும் நினைக்கல. தோண்டிட்டு நினைச்சுக்கிறேன்."

அவன் காயைத் தூக்கினான், நழுவியது, மறுபடி தூக்கி இடுக்கிக்கொண்டு படியிறங்கினான். அக்கேயோ மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்தாள். வெளியே வந்து கதவை இழுத்துச் சாத்திவிட்டு, அவன் பின்னாலேயே நடந்தாள்.