அங்காலைப் பிள்ளைகள்

மில்லிக்கனில் ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ, வடக்கே மார்க்கம்; இரண்டுக்கும் தனித்தனிக் கல்விச் சபை. பால் வாங்க வீதியைக் கடக்கலாம், தமிழ் படிக்கக் கடக்கக்கூடாது. தெற்கில் பிள்ளைகள் போதாமல் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை மூடப்போகிறார்கள். வடக்கில் பிள்ளைகள் நிறைய, வகுப்புத்தான் இல்லை. வகுப்பை நடத்தும் சந்திரவதனா ரீச்சர் பிடித்த பிடி விடாதவர். வடக்குப் பிள்ளைகளையும் சேர்க்கச் சொல்லித் தெற்குக் கல்விச் சபைக்கு மறுபடியும் போனார்.

“அவை வீதிக்கு அங்காலைப் பிள்ளையள், ரீச்சர்,” என்றான் அதிகாரி நிதுசன்.

“அங்காலை எண்டால் கடலுக்கு அங்காலையோ? என்ரை தங்கச்சியின்ரை மகன் ஜேர்மனியிலை நித்திரை கொண்டெழும்பி, ஆத்தைக் கடந்து பிரான்சிலை படிக்கிறான். உங்களுக்கு இடையிலை ஒரு ட்ரபிக் லைற்.”

“அந்த ரெண்டு நாடும் ஒப்பந்தம் போட்டிருக்கினம்.”

“ஓம், ரெண்டு உலகப்போர் அடிபட்ட பிறகு.”

“இங்கை ஒருத்தரும் அடிபடேல்லையே.”

“அப்ப நான் துவங்கட்டோ?”

நிதுசன் சிரித்துக்கொண்டே வடக்குச் சபைக்குப் போன் எடுத்தான். கொஞ்சநேரம் கேட்டுவிட்டு வைத்தான்.

“என்னவாம்?”

“நீங்கள் போன கிழமை அங்கையும் போனனீங்களாம். பிள்ளையளை இந்தச் சனிக்கிழமையே அனுப்புவினமாம். உங்களை மட்டும் இங்கையே வைச்சிருக்கட்டாம்.”