பிள்ளைப் பலகை

மூணு பேர் உட்கார்ற இடத்துல ஆறு பேரை உட்கார வைக்கிறவனுக்குப் பேருதான் போடியில குஷன் கடைக்காரன். எழுபதுகள்லயும் எண்பதுகள்லயும் முழங்கால் தாடையில இடிக்க, பக்கத்து ஆளோட தூக்குவாளிக் குழம்பு வேட்டியில வடிய, ஜீப்புல போடிமெட்டு ஏறின புண்ணியவான்கள் யாராவது இதைப் படிச்சா, அந்தச் சீட்டு அநேகமா நான் தச்சதுதான். திட்டணும்னா தாராளமாத் திட்டிக்கங்க. ஆனா சீட்டுக்காக இல்ல. சொல்ல வந்தது நாலு வயசுப் பிள்ளை ஒண்ணைப் பத்தி, அதைக் கேட்டுட்டுத் திட்டுங்க.

ஆள் கணக்கு

ஜீப்பு வாங்கினவுக முதல்ல கோயிலுக்குப் போவாக, அடுத்து என் கடைக்கு வருவாக. கூடவே வந்த பின் சீட்டைக் கழட்டி மூலையில போட்டுட்டு, ரெண்டு பக்கமும் நீளப் பலகை அடிச்சு, தேங்கா நாரை அமுக்கி, மேல ரெக்சினை இழுத்துத் தச்சுக் குடுக்கணும். பலகை ரொம்ப அகலமா இருக்கக்கூடாது. அகலமாப் போட்டா நடுவுல நிக்கிற ஆளுக்கு இடமில்லாமப் போயிரும். ஏலக்காய்த் தோட்டத்துல காய் எடுக்கப் போற சனம் காலையில வண்டிக்கு அப்படி அலைமோதும்.

மாயாண்டின்னு ஒரு டிரைவர். எனக்கு உறவில்ல, ஆனா கடையில டீ வந்தா அவனுக்கும் சேத்துத்தான் வரும். அவன் வண்டிக்குப் பலகை அளக்கும்போது, "சின்னப் பிள்ளைக எங்கடா உட்காரும்?"னு கேட்டேன். கேக்கக்கூடாததைக் கேட்ட மாதிரி என்னைப் பார்த்தான்.

"பிள்ளைக்கு எதுக்குண்ணே எடம்? இம்புட்டு மடி சும்மாதான கெடக்கு."

கைமாறி வந்த பிள்ளை

மெட்டைத் தாண்டி பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்து வண்டிக்குச் சீட்டு கிழிஞ்சிருச்சுன்னு ஆள் விட்டிருந்தாக. ஊசி, நூலு, ரெக்சின் சுருளோட ஒரு ஜீப்புல ஏறி நெருக்கி உட்கார்ந்தேன். கிளம்புற நேரத்துல ஒரு பொம்பளை வெளியில நின்னு கைப்பிள்ளையை நீட்டினா. "செத்த வாங்கிக்கங்கண்ணே"ன்னா. வாங்கிக்கிட்டேன். நீட்டின பிள்ளையை வாங்காதவனை நம்ம ஊருல மனுசனாவே சேக்க மாட்டாக. பிள்ளை ரெண்டு வளைவு வரைக்கும் என் மூக்குக்கண்ணாடியை இழுத்துச் சிரிச்சுது, நாலாவது வளைவுல தோள்ல வாந்தி எடுத்துச்சு. துணி கேப்பம்னு தாயைத் தேடினா, வண்டியிலயே அவளைக் காணோம்.

மெட்டுல இறங்கி, பிள்ளையும் கையுமா அரைமணி நேரம் நின்னேன். அடுத்த ஜீப்புல சாவகாசமா வந்து இறங்கினா அந்த மகராசி. முதல் வண்டியில அவளுக்கு இடமில்லையாம், அதனால பிள்ளையை மட்டும் அனுப்பி வச்சாளாம். நாலு வார்த்தை நல்லாக் கேட்டேன். அவ பிள்ளையை வாங்கி முந்தானையால வாயைத் துடைச்சுக்கிட்டே, எனக்குத்தான் புத்தி சொன்னா.

"எங்கண்ணே போயிரப் போகுது? மனுசங்க கையிலதான இருந்துச்சு."

செல்விக்கு ஒரு பலகை

மாயாண்டி மக செல்வி. நான் முதல்ல சொன்ன நாலு வயசுப் பிள்ளை இவதான். அவ ஆத்தா பேச்சி தோட்டத்துல காய் எடுக்கப் போவா. வீட்டுல பிள்ளையைப் பாக்க ஆள் கிடையாது, அதனால செல்வியும் தினம் அப்பன் வண்டியில மலை ஏறி எறங்கணும். மூணாவது வளைவு வந்தா வாந்தி எடுத்துரும். எலுமிச்சம்பழத்தை மோந்து பாக்கச் சொன்னாக, புளிப்பு மிட்டாய் குடுத்துப் பார்த்தாக, ஒண்ணும் கேக்கல. யார் மடியில வச்சாலும் அவுக சீலை பாழு. மூஞ்சியில காத்துப் பட்டா சரியாயிரும்னு மாயாண்டிக்கு ஒரு நினைப்பு. முன்னால ஒரு சின்னப் பலகை போட்டுக் குடுங்கண்ணேன்னு வந்து நின்னான்.

நான் மனசு வச்சுச் செஞ்ச வேலை அது. ஒரு முனைக்குக் கொக்கி வச்சு ஜீப்புக்குள்ள முன்னால இருக்கிற கைப்பிடிக் கம்பியில மாட்டி, மறுமுனையைச் சீட்டுச் சட்டத்துல நிறுத்தி, டிரைவருக்குப் பக்கத்து ஆள் முழங்காலுக்கு முன்னால பொருத்தினேன். நாரு குத்துமேன்னு மேல பஞ்சு வச்சு, கல்யாணக் காருக்கு வாங்கினதுல மிஞ்சின சிவப்பு ரெக்சினைப் போட்டேன். முன்கண்ணாடியை மடக்கிப் பானெட்டு மேல சாச்சுட்டா பிள்ளை மூஞ்சிக்கு நேரா காத்துத்தான். அன்னைக்கோட வாந்தி நின்னுச்சு. அதைப் பார்த்துட்டு மத்த டிரைவர்களும் வந்து பிள்ளைப் பலகை கேட்டாக, கேட்டவுகளுக்கெல்லாம் செஞ்சு குடுத்தேன். முதல் நாள் போயிட்டு வந்த செல்வி கடை வாசல்ல நின்னு, பெரிய ரகசியம் மாதிரி என்கிட்ட சொல்லிட்டுப் போனா.

"மாமா, எல்லாருக்கும் முன்னால எனக்குத்தான் ரோடு தெரியுது."

முதுகைக் காட்டி உட்கார்ந்த பேரன்

ராசிங்காபுரத்துக்காரர் ஒருத்தர், மலையில தோட்டம் வச்சிருந்தாரு. அவரு மக வசந்தாவை ஸ்வீடன்ல வேலை பாக்கிற மாப்பிள்ளைக்குக் கட்டிக் குடுத்திருந்தாரு. அந்தப் பொண்ணு ஒரு வயசுப் பையனோட ஊருக்கு வந்தப்போ, பெட்டி படுக்கையோட ஒரு நாற்காலியும் வந்து இறங்குச்சு. காலில்லாத நாற்காலி, உள்ள பட்டை பட்டையா நாடா. அதை ஜீப்போட முன்சீட்டுல வச்சு இறுகக் கட்டணும்னு என்னை வரச் சொன்னாக. நான் முன்னாலயே பார்த்து வச்சேன். அந்தப் பொண்ணு சிரிச்சுக்கிட்டே திருப்பி வச்சுச்சு. பிள்ளை ரோட்டுக்கு முதுகைக் காட்டி, சீட்டைப் பார்த்துக்கிட்டுப் போகணுமாம். தாத்தாவுக்குப் பொறுக்கல. "பெத்த பிள்ளையைக் கட்டிப் போட்டுக் கொண்டு போறாகளே, அது என்ன ஊரும்மா?"ன்னு அங்கலாய்ச்சாரு.

ஜீப்புத் தரையில ஓட்டை போட்டு, போல்ட்டு முடுக்கி, தார்ப்பாய் கட்டுற கனத்த நாடாவை நாலா மடிச்சுத் தச்சுக் குடுத்தேன். வேலை நடக்கும்போது, கட்டாட்டி அங்க போலீசு பிடிக்குமான்னு கேட்டேன். போலீசு எதுக்குண்ணே, கட்டாமக் கூட்டிட்டுப் போனா அக்கம்பக்கத்துல ஒரு மாதிரியாப் பாப்பாகன்னுச்சு. எனக்கு விளங்கிருச்சு. இங்க நீட்டின பிள்ளையை வாங்காட்டி ஒரு மாதிரியாப் பாப்பாக, அங்க பிள்ளையைக் கையில வச்சிருந்தாலே அப்படிப் பாப்பாக. ஆனாலும் மனசு ஆறல. எங்க ஆளுக இறுக்கித்தானம்மா பிடிச்சிருப்பாகன்னேன். வசந்தா சிரிக்காமச் சொல்லுச்சு.

"பிரேக் பிடிச்சா வண்டி நின்னுரும்ணே. மடியில இருக்கிற பிள்ளை நிக்காது. எவ்வளவு பெரிய ஆள் பிடிச்சிருந்தாலும் நிக்காது."

நல்ல நாடா

அந்தப் பேச்சு காதுலயே கிடந்துச்சு. பிள்ளையைக் கொண்டுபோய் எல்லாருக்கும் முன்னால உட்கார வச்சவன் நானாச்சே. மிச்சமிருந்த நாடாவுல செல்வி இடுப்புக்கும் தோளுக்கும் சேத்து ஒரு பட்டை தச்சேன். மாயாண்டியைக் கூப்பிட்டு, வெளிநாட்டுல இப்படித்தாண்டா கட்டுறாக, நீயும் கட்டு, இல்லாட்டி நான் பலகையைக் கழட்டிருவேன்னேன். சிரிச்சான். சரிண்ணே, நீங்க சொன்னாச் சரின்னு மாட்டிக்கிட்டுப் போனான்.

ஒரு மாசம் இருக்கும். கடைத்தெருவுல அவன் வண்டி நிக்கிறதைப் பார்த்தேன். பலகையில பட்டையைக் காணோம். பின்னால ஏலக்கா மூட்டையை இழுத்துக் கட்டியிருந்துச்சு, என் நாடாதான். என்னடா இதுன்னேன். அவன் கொஞ்சமும் கூச்சப்படாமச் சொன்ன பதிலுக்கு நானும் சிரிச்சுத் தொலைச்சேன். அன்னைக்கே பலகையைக் கழட்டியிருக்கணும். கழட்டல. பிள்ளை மறுபடி வாந்தி எடுக்குமே, மாயாண்டி மனசு கோணுமேன்னு சும்மா வந்துட்டேன். அவன் சொன்னது இதுதான்.

"மூட்டை விழுந்தா யாருண்ணே பிடிப்பா? பிள்ளைன்னா ஆளுக்காளு கையை நீட்டிப் பிடிச்சுக்குவாகளே."

ஒரு மாடு

மழை விட்ட சாயங்காலம். தோட்டத்து ஆளுகளை ஏத்திக்கிட்டு மாயாண்டி இறங்கி வந்திருக்கான். ஒரு வளைவு திரும்பினதும் நடு ரோட்டுல மாடு. அவன் நல்ல டிரைவர், பிரேக்கை அமுக்கின அமுக்குல வண்டி மாட்டுக்கு ஒரு முழம் முன்னாலயே நின்னுருச்சு. மாட்டுக்கு ஒரு அடியும் படல. வண்டிக்கு ஒரு கீறல் இல்ல. பின்னால இருந்த ஆளுகளுக்கு முட்டி இடிச்சதோட சரி. மூட்டை கட்டின இடத்துல கட்டினபடி இருந்துச்சு. செல்வி மட்டும் நிக்கல.

பெரியாஸ்பத்திரிக்கு நான் போகும்போது எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. மாயாண்டி தரையில உட்கார்ந்து சுவத்தைப் பார்த்துக்கிட்டிருந்தான். பேச்சியைப் பொம்பளைக பிடிச்சிருந்தாக. வண்டியில அவன் பக்கத்துல முன்சீட்டுல வந்த ஆளும் அங்க நின்னாரு, காய் எடுக்கிறவுகளுக்குக் கங்காணி, நல்ல வாட்டசாட்டமான மனுசன். என்னைக் கண்டதும் ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டினாரு. உள்ளங்கையில பிள்ளையோட கவுன் பொத்தான் ஒண்ணு இருந்துச்சு.

"பிடிச்சேன் சாமி. எல்லாரும் பிடிக்கத்தான் கையை நீட்டினோம்."

பாராட்டு

மாயாண்டி வண்டியை வித்துட்டான். அதுக்கப்புறம் என் கடைப் பக்கம் டீக்குக்கூட வரல. பேச்சிதான் காரியமெல்லாம் முடிஞ்சு ஒருநாள் வந்தா, மஞ்சப்பையில எதையோ சுத்திக்கிட்டு. தையல் மிசின் மேல எடுத்து வச்சா. சிவப்பு ரெக்சின் பலகை. வீட்டுல வச்சிருக்கவும் முடியல, அடுப்புல வைக்கவும் மனசு வரலைன்னா.

எத்தனையோ நாளா நெஞ்சுக்குள்ள கிடந்ததைச் சொன்னேன். "பட்டையை மூட்டையில கட்டியிருந்ததை நான் பார்த்தேன் தாயி. பார்த்துட்டுச் சும்மா வந்த பாவி நான்." ஏசுவா, மண்ணை வாரித் தூத்துவான்னு காத்திருந்தேன். தூத்தியிருந்தா இன்னைக்கு நிம்மதியாத் தூங்குவேன். அவ பலகையை ஒருக்காத் தடவினா. எனக்கு ஆறுதல் சொல்றாளாம்.

"நீங்க மனசுல வச்சுக்காதீகண்ணே. அவளுக்கு இதுன்னா உசுரு. இதுல உட்கார்ந்த நாள்ல இருந்து பிள்ளை ஒரு தடவைகூட வாந்தி எடுக்கல."

அதுக்கப்புறம் பிள்ளைப் பலகை கேட்டு வந்தவுகளுக்கெல்லாம் முடியாதுன்னுட்டேன். அவுகளுக்குத் தேனியில ஒருத்தர் என்னைவிட மெத்துன்னு தச்சுக் குடுத்தாராம்.