எந்தப் பக்கமுங்க?

கல்வியில் ஏற்றத்தாழ்வு என்பதுதான் வேலைபார்த்த காலம் முழுக்க என் ஆராய்ச்சி. ஃபீல்டு ஒர்க் என்று பள்ளி பள்ளியாகச் சுற்றியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் இன்னும் கனவில் வருகிறது.

நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளி. பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோர் வரும் நாள். வேப்பமரத்தடியெல்லாம் பாய் விரித்துச் சாப்பிடுவார்கள். பிரியாணி மணமும் வெயிலும் சேர்ந்து கண்ணைச் சொக்க வைக்கும். பாய்க்குப் பாய் கிண்ணங்கள் மிதந்து போவதைப் பார்த்தபடி வந்த வேலையை மறந்துவிடுவேன்.

கிண்ணம் கைமாறும் முன் பேச்சு ஆரம்பிக்கும். "நீங்க எந்தூருங்க?" அடுத்து, கொஞ்சம் தணிந்த குரலில், "ஊருக்குள்ள எந்தப் பக்கமுங்க?" சாதியைத்தான் கேட்கிறார்கள். என் கேள்வித்தாளில் அதற்குத் தனிக் கட்டம் போட்டிருந்தேன், மேதாவி மாதிரி.

பதினொன்றாம் வகுப்பு தனலட்சுமியின் அம்மா இளம்பிள்ளை என்ற ஊரில் தறி ஓட்டுகிறவர். அன்று அந்தக் கேள்விக்கு, "காலனிப் பக்கமுங்க" என்றார். அதன்பின் அந்தப் பாய்க்கு எதுவும் வரவில்லை. அவர் நீட்டிய கிண்ணத்தையும் யாரும் வாங்கவில்லை.

தனம் என்னிடம் வந்தாள். "மேடம், நான் அம்மாகூட ஊட்டுக்கே போயிர்றனுங்க. படிப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்."

நன்றாகப் படிக்கிற பெண். ஆய்வாளர் குறுக்கிடக் கூடாது என்ற விதிமேல் கோபம் கோபமாக வந்தது.

அப்போது நிவேதா தட்டோடு எழுந்தாள். திருச்செங்கோட்டில் போர்வெல் போடும் ரிக் வண்டி முதலாளியின் மகள், விடுதியில் தனத்துக்கு அடுத்த கட்டில். நேராகப் போய் தனத்தின் அம்மா எதிரே சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, எனக்கும் போடுங்க."

நிவேதாவின் அம்மா குரல் கொடுத்தார். "இங்க வா சாமி, நம்ம சோறு ஆறுது."

"இங்கயே சாப்பிட்டுக்கறேம்மா."

"சொன்னாக் கேக்க மாட்டியா?"

"பசிக்குதும்மா." வாய் நிறையக் குழம்புச் சோறு.

தனம் மெல்லப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டாள்.

சலுகையும் சட்டமும் பிள்ளையைப் பள்ளிக்குள் சேர்த்துவிடும். அங்கே இருக்க வைக்க, கூட உட்கார்ந்து சாப்பிட ஓர் ஆள் வேண்டும். எத்தனையோ கட்டுரை எழுதியும் நான் அன்றுதான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

சாயங்காலம் தனத்தின் அம்மா தனியாகத்தான் பஸ் ஏறினார். படியில் நின்று, வழியனுப்ப வந்த நிவேதாவிடம் கேட்டார்:

"அடுத்த வாட்டி என்ன சாமி ஆக்கிக் கொண்டாரட்டும்?"