மூன்று குழாய் இரத்தமும் ஒரு சென்றியும்

இரத்தம் எடுப்பது லேசு; சண்டைக்காலத்தில் அதைத் திருகோணமலையிலிருந்து கொழும்புக்குக் கெடாமல் அனுப்புவதுதான் எங்கள் தொழில். ஆய்வுகூடத்தில் வேலை பார்த்தவர்களே, உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நல்ல கண்

சல்லிக் கிராமத்து மரகதமக்காவின் மூத்த மகன் யோகனுக்குச் சில மாதங்களில் இரண்டு கண்ணும் நடுவில் மங்கிப்போயின. ஓரப்பார்வை இருந்ததால் ஆள் நேராகத்தான் நடப்பான், எதிரே நிற்பவரின் முகம் மட்டும் தெரியாது. சென்றியில், அந்தக் காவலரணில், ஆமிக்காரன் கையைக் காட்டி மறித்ததைக் காணாமல் நடந்துவிட்டான். துவக்குக் குழல் அவன் நெஞ்சுக்கு நிமிர்ந்தது. தாய் கத்திக்கொண்டு ஓடிப்போய் நடுவில் நின்றிருக்கிறா. ஆமிக்காரன் யோகனின் கண்ணை உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னானாம்:

"கண் நல்லம்தானே, ஏன் பொய் சொல்றது?"

மடித்த கை

இது தாய்வழியாக வருகிற கண் வருத்தமாக இருக்கலாம் என்று டொக்டர் சந்தேகப்பட்டார். தாய், யோகன், தம்பி சுதன், மூவரின் இரத்தமும் கேட்டார். முதலில் வந்து கதிரையில் இருந்தவரோ தகப்பன், சட்டைக் கையை மடித்தபடி. கலத்துக்குச் சக்தி தரும் இழைமணிக்கென்று தனி மரபணு இருக்கிறது, அது தாயிடமிருந்து மட்டும்தான் பிள்ளைக்கு வரும் என்றேன். மனுசனின் முகம் விழுந்துபோயிற்று.

"பிள்ளைக்கு என்ட பேர் வேணும், ரத்தம் வேண்டாமோ? சரி, மடிச்ச கைக்குச் சீனியெண்டாலும் பாருங்கோ."

ஐஸ் பெட்டி

மூன்று குழாயையும் மீன்காரரின் ஐஸ் பெட்டியில் வைத்து பஸ்ஸில் அனுப்பினோம். வழியில் பாதையைப் பூட்டிவிட்டார்கள். பெட்டி வெயிலில் கிடந்து, இரத்தம் கெட்டுத் திரும்பி வந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. திரும்பவும் கேட்க வெட்கமாக இருந்தது. மரகதமக்கா ஏன் என்று கேட்காமல் கையை நீட்டினா.

"எடுங்கோ பிள்ளை, கெதியா அனுப்புங்கோ. சின்னவன் நாளைக்கும் அந்தச் சென்றியாலதான் போகவேணும்."

வள்ளத்து நம்பர்

முடிவு வந்தது. மரபணுவில் ஒரேயொரு எழுத்து மாறியிருந்தது, மூவருக்கும். யோகனுக்குக் கண் தெரியாது என்று டொக்டர் சிங்களத்தில் கடிதம் கொடுத்தார். அதைச் சென்றியில் காட்டலாம். சுதனுக்கு என்ன கொடுப்பது? அவன் கண் போகலாம், தாய்க்குப் போல கடைசிவரை போகாமலும் இருக்கலாம். சோதனைக்கு அது தெரியாது.

அன்றிலிருந்து மரகதமக்கா விடிந்ததும் அவனைக் கரைக்குக் கூட்டிப்போய், தள்ளி நிற்கிற வள்ளங்களின் நம்பரை வாசிக்கச் சொல்லுவா. பிழையில்லாமல் வாசிக்கிறான் என்று என்னிடம் வந்து சொல்லிச் சந்தோசப்படுவா. நானும் சந்தோசப்பட்டேன். ஒருநாள் சுதன் தனியே ஆய்வுகூடத்துக்கு வந்து, என் முகத்துக்குச் சற்றுப் பக்கத்தில் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னான்:

"அக்கா, அம்மாட்டச் சொல்லிப்போடாதேங்கோ. வள்ளத்து நம்பரெல்லாம் எனக்கு மனப்பாடம்."

ஒரு எழுத்து மாறியதைக் கண்டுபிடிக்க நாங்கள் கொழும்புவரை அல்லாடினோம், கண் மங்கியதைத் தாயிடமிருந்து ஒளிக்க அவனுக்குச் சல்லிக் கரையே போதுமாக இருந்தது.