தண்ணீர் இருக்கும் பக்கம் கிழக்கு

மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலுக்கு எதிரே சங்குமாலை விற்கும் ரத்னாவுக்கு அறிவியலோடு பழைய பகை. பத்தாம் வகுப்பில் மற்ற பாடங்களெல்லாம் அவளிடம் ஒழுங்காகப் பணிந்து போயின. அறிவியல் மட்டும் திரும்பத் திரும்பக் கவிழ்த்துவிட்டது. கடைசியாகக் கவிழ்ந்தபோது, 'போடா நீயும் உன் ஆக்சிஜனும்' என்று கல்யாணம் பண்ணிக்கொண்டு போய்விட்டாள்.

இருபது வருடம் கழித்து அவள் மறுபடி புத்தகத்தைத் தூக்கியதற்குக் காரணம் படிப்பின் மேல் வந்த ஆசை அல்ல. துரை. அவன் கைடு. கழுத்தில் அட்டை தொங்குவதால் கோயிலுக்குள் ராஜா மாதிரி நடப்பான். ரத்னா வேலியைத் தாண்டினால் காவலாளி விசிலடிப்பார். ஒரு நாள் அவன் ஒரு பிரெஞ்சுக் குடும்பத்திடம், பஞ்ச ரதங்களை யானைகள் தந்தத்தால் குடைந்தன என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"இன்னாண்ணாத்த, யானைக்குக் கூலி எவ்ளோ குடுத்தாங்க?"

"உனுக்கு இன்னா தெரியும்? போய் பத்தாவது பாஸ் பண்ணிட்டு வந்து பேசு."

பொய் சொன்னான் என்பது அவளுக்குப் பெரிய விஷயமே இல்லை. அதைவிட நல்ல பொய்கள் அவளிடம் கைவசம் இருந்தன. சொல்வதற்கு அட்டைதான் இல்லை. கைடு பயிற்சிக்குத் தை மாதம் ஆள் எடுக்கிறார்கள். பத்தாவது தேறாதவர்களின் விண்ணப்பத்தைத் தொட்டுக்கூடப் பார்க்க மாட்டார்கள். அன்று சாயங்காலமே அவள் மதுராந்தகத்தில் தனித்தேர்வர்களுக்கான படிப்பு மையத்தை விசாரித்துவிட்டாள்.

செய்முறைத் தேர்வுக்கு ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்கலாம் என்றார்கள். பூவை அறுக்கலாம், அமிலத்தில் உப்பைப் போடலாம், இல்லாவிட்டால் வானியல். அவள் வானியல் என்றாள். மூக்கைப் பொத்த வேண்டாம், மேலே பார்த்தால் மார்க் என்று கணக்குப் போட்டாள்.

புத்தகத்தைத் திறந்த பிறகுதான் அந்தக் கணக்கு தப்பென்று தெரிந்தது. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது, சூரியனையும் சுற்றுகிறது, அந்தச் சூரியனும் சும்மா நிற்காமல் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது.

"ஒண்ணாவது ஒரு எடத்துல குந்துதா பாரு. உன் குடும்பம் மாதிரியே கீது" என்றாள் புருஷன் நீலமேகத்திடம்.

அவன் வலையில் சிக்கிய நண்டை எடுத்துக்கொண்டே சிரித்தான். "இன்னாமே, நட்சத்திரம்லாம் படிச்சிட்டு ஜோசியம் பாக்கப் போறியா?"

"அது தெரிஞ்சிருந்தா உன்னைக் கட்டிகினு இருப்பேனா?"

வியாபாரம் மந்தமான மதியங்களில் கடையிலேயே சூரியக் குடும்பத்தைப் பரப்பி வைத்து ஒப்பித்தாள். பெரிய சங்கு சூரியன், சோழிகள் கோள்கள், சனிக்கு மட்டும் ஒரு கண்ணாடி வளையல். ஒரு ஜெர்மன்காரர் வந்து சனியைத்தான் வேண்டும் என்று பேரம் பேசி வாங்கிப் போய்விட்டார். அன்று முழுக்க வியாழனுக்கு அடுத்தது யுரேனஸ்.

எழுத்துத் தேர்வில் எப்படியோ நூலிழையில் தப்பித்தாள். செய்முறை மட்டும் பாக்கி. மார்கழித் தொடக்கத்தில், மதுராந்தகம் ஏரிக்கரையில். அன்று பகல் முழுக்க மழை. பஸ் செங்கல்பட்டைச் சுற்றி, நெரிசலில் ஊர்ந்து, அவளை இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. சூரியன் எந்தப் பக்கம் போய் விழுந்தது என்று அன்றைக்கு யாருமே பார்க்கவில்லை.

கரைமேல் தேர்வாளர் வரலட்சுமி டீச்சர் குடையோடு நின்றார். பக்கத்தில் முக்காலியில் ஒரு தொலைநோக்கி. அடுத்துத் தேர்வுக்குக் காத்து நின்றவள் ஜெனிஃபர், உள்ளூர்ப் பெண், கம்பெனி வேலைக்குப் போகிறவள். மேகம் பாதி வானத்தை மூடியிருந்தது. ஏரிக்கு மேல் மட்டும் திறந்திருந்தது. அங்கே ஒற்றையாக, பளிச்சென்று ஒரு வெளிச்சம்.

"அது என்ன கோள்? சொல்லும்மா" என்றார் டீச்சர்.

இந்த மாதம் இருட்டும் நேரத்தில் கிழக்கே வியாழன், மேற்கே வெள்ளி. வகுப்பில் அவரே சொன்னது. ரத்னா யோசிக்கக்கூட இல்லை.

"வியாழன், டீச்சர்."

"எப்படிச் சொல்றே?"

"தண்ணி மேல கீதே. அப்போ கிழக்கு."

பிறந்ததிலிருந்து அவள் பார்த்த, எதிர்க்கரை தெரியாத தண்ணீர் ஒன்றுதான். சூரியனும் நிலாவும் அதிலிருந்துதான் ஏறி வரும். வடக்கை அவள் வேறு எதைக் கொண்டும் கண்டுபிடித்ததில்லை. கடலை முகத்துக்கு நேரே வைத்தால் இடது கைப்பக்கம் வடக்கு, அவ்வளவுதான்.

ஜெனிஃபர் இருமினாள். மறுபடியும் இருமினாள்.

"பஸ் ஸ்டாண்டுகிட்ட மருந்துக் கடை இருக்கு" என்றார் டீச்சர் திரும்பாமல். பிறகு ரத்னாவின் தாளில் எதையோ குறித்தார். "சரி. தொலைநோக்கியைத் திருப்பு. பார்த்ததை எழுது."

ரத்னா திருப்பினாள். வியாழனின் நாலு நிலவுகளும் பொட்டு வைத்த மாதிரி வரிசையாக இருக்கும் என்று படித்திருந்தாள். ஒன்றையும் காணோம். கோளும் உருண்டையாக இல்லை. பாதி தின்ற இட்லி மாதிரி இருந்தது. முந்தானையால் கண்ணாடியைத் துடைக்கப் போனாள்.

"ஐயோ, கையை எடு!" டீச்சரின் அலறலில் கரையோரத்து நாய் எழுந்து ஓடியது.

"பேஜாரா கீது டீச்சர், உங்க மிசினு. பாதியத்தான் காட்டுது."

"மெஷின் நல்லாத்தான் இருக்கு."

மறுபடி குனிந்தாள். இப்போது பாதி இட்லியும் இல்லை, நகர்ந்து போயிருந்தது. தலையைத் தூக்கினாள். முதலில் பார்த்தபோது கரையில் இருந்த தென்னையின் குருத்துக்கு மேல் நின்ற வெளிச்சம், இப்போது மட்டைகளுக்குள் இருந்தது.

"இன்னாடி இது, எறங்குது?" என்றாள் ஜெனிஃபரிடம். அந்தப் பெண் இருமப் பயந்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

எழும்ப வேண்டியது இறங்குகிறது. நிலவு இல்லை. உடம்பு தேய்ந்திருக்கிறது. ரத்னா ஏரியைப் பார்த்தாள். இத்தனை பெரிய தண்ணீர் தன்னை ஏமாற்றும் என்று அவள் நினைத்ததே இல்லை.

"டீச்சர், அது வெள்ளி. இது மேற்கு."

"முதல்ல சொன்னதுதான் கணக்கு. கோள் பேருக்கு உள்ள மார்க் போச்சு."

தை மாதம், அட்டை, துரையின் முகம் எல்லாம் ஒரே நொடியில் அவள் கண்முன் வந்தன. கடையில் வாடிக்கையாளர் திரும்பி நடக்கும்போது வரும் குரல் அவளுக்கு வந்துவிட்டது.

"அதெப்டி டீச்சர்? வாயால சொன்னது தப்பு, ஒத்துக்கறேன். கண்ணால பாத்ததுக்கு ஒண்ணும் இல்லியா? எழுதச் சொன்னது நீங்கதானே?"

டீச்சர் குடையை மடக்கினார். "எழுது, பார்ப்போம்."

தொலைநோக்கியின் காலடியில் குந்தி, ஜெனிஃபரின் செல்போன் வெளிச்சத்தில் எழுதினாள். இது வியாழன் என்று தப்பாகச் சொல்லிவிட்டேன், ஏரியைக் கடல் என்று நம்பியதால். தென்னைக்குள் இறங்கியதால் இந்தப் பக்கம் மேற்கு. பக்கத்தில் நிலவு இல்லாததாலும், நம் நிலாவைப் போலத் தேய்ந்து தெரிவதாலும் இது வெள்ளி. கண்ணாடியில் கோளாறு இல்லை.

டீச்சர் படித்தார். கடைசி வரிக்கு வந்த சிரிப்பை உதட்டுக்குள் அடக்கினார். சிவப்புப் பேனாவால் ஓரத்தில் கூட்டிப் பார்த்தார்.

"பாஸா டீச்சர்?"

"அதெல்லாம் இங்கே சொல்லக் கூடாது." தாளை உறைக்குள் போட்டு ஒட்டினார். "ஆனா மறுபடியும் பஸ் ஏறி இந்தப் பரீட்சைக்கு வந்து என் உயிரை வாங்காதே."

ரத்னாவுக்கு அது போதும். ஜெனிஃபரின் கன்னத்தைக் கிள்ளினாள், செருப்பை மாட்டினாள்.

"பஸ் ஸ்டாண்டு எந்தப் பக்கம் டீச்சர்?"

"கிழக்கே."

ரத்னா வெள்ளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கரையிலிருந்து இறங்கி நடந்தாள்.